தண்டனை இழப்பீடு: எவ்வளவு இருந்தால் நியாயம்?

தில்லியின் கிரீன் பார்க் பகுதியில் இருந்த உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13ஆம் நாள் பிற்பகல் தீ மூண்டது. தரைத்தளத்து வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியில் பிறந்த தீ, அங்கு நின்ற வாகனங்களைப் பற்றிக்கொண்டது. எழுந்த புகை மாடி இருக்கைப் பகுதியை நிறைத்தது. வெளியேறும் வழிகளில் தடை இருந்தமையால் அங்கிருந்தோரில் பலர் தப்ப இயலவில்லை. 59 பேர் உயிரிழந்தனர். 103 பேர் காயமுற்றனர்.

உயிரிழந்தோரின் குடும்பத்தினர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து நீதிமன்றத்தை நாடினர். இழப்பீடு கோரிய அவ்வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. குடும்பங்களுக்கு உரிய இழப்பீட்டைத் தவிர, திரையரங்க உரிமையாளர்கள் 2.5 கோடி ரூபாயைத் தண்டனை இழப்பீடாகச் செலுத்தவேண்டும் என்றது. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தண்டனை இழப்பீட்டை 25 லட்சமாகக் குறைத்தது. அதே நிகழ்வு குறித்த குற்றவியல் வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் இருவருக்கும் தலைக்கு 30 கோடி வீதம் 60 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

நிகழ்வு ஒன்றே, தவறும் ஒன்றே. தண்டிக்கும் நோக்குடன் விதிக்கப்பட்ட தொகைகளோ 2.5 கோடி, 25 லட்சம், 60 கோடி. கடைசித் தொகை இரண்டாவதைப்போல் 240 மடங்கு. இவற்றுள் எது நியாயம் என்ற கேள்வி சட்டம் பயின்றோருக்கு மட்டும் உரியதன்று. பொருள் வாங்குவோர், சேவை பெறுவோர், வங்கியில் கணக்கு வைத்திருப்போர் அனைவரையும் தொடும் கேள்வி இது. எனவே தண்டனை இழப்பீடு என்பது யாது, அதன் நியாயத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஈடு வேறு, தண்டனை வேறு

உரிமையியல் வழக்குகளில் பொதுவாக வழங்கப்படுவது ஈடுசெய்யும் இழப்பீடு. ஒருவர் செய்த தவற்றால் மற்றவர் இழந்தது எவ்வளவோ, அவ்வளவைத் திருப்பி அளிப்பதே அதன் நோக்கம். மருத்துவச் செலவு, இழந்த வருவாய், அடைந்த மன வேதனை ஆகியவை அதில் அடங்கும். அளவுகோல் பாதிக்கப்பட்டவரின் இழப்பே. தவறு செய்தவர் அறியாமல் செய்தாரா, அறிந்தே செய்தாரா என்பது அங்கு முதன்மையானதன்று.

தண்டனை இழப்பீடு இதிலிருந்து மாறுபட்டது. தவறு செய்தவரின் நடத்தையே அதன் அளவுகோல். அந்நடத்தையைக் கண்டிப்பதும், அவரும் பிறரும் அதனை மீண்டும் செய்யாதவாறு தடுப்பதும் அதன் நோக்கம். ஆகவே அது இழப்பை ஈடுசெய்யும் தொகைக்கு மேற்பட்டதாக அமைகிறது.

இக்கருத்து பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேரூன்றியது. 1763இல் அரசுக்கு எதிரான ஓர் இதழின் தொடர்பில், பெயர் குறிப்பிடாத பொது ஆணையைக் கொண்டு அரசுப் பணியாளர்கள் அச்சகத் தொழிலாளர் ஒருவரைச் சில மணி நேரம் அடைத்து வைத்தனர். காவலில் அவருக்கு நல்ல உணவே அளிக்கப்பட்டது. நேர்ந்த துன்பத்தை மட்டும் கணக்கிட்டால் 20 பவுண்டு போதுமானதாக இருந்திருக்கும் என்பதைத் தலைமை நீதிபதியே ஒப்புக்கொண்டார். எனினும் நடுவர் குழு 300 பவுண்டு அளித்தது. நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. காரணம், குடிமக்கள் அனைவரின் உரிமையும் அச்செயலால் மீறப்பட்டது என்பதே.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1964இல் பிரபுக்கள் அவை இவ்வதிகாரத்துக்கு எல்லை வகுத்தது. அரசுப் பணியாளரின் அடக்குமுறைச் செயல், இழப்பீட்டைக் கொடுத்தாலும் இலாபம் மிஞ்சும் என்று கணக்கிட்டுச் செய்த தவறு, சட்டமே வெளிப்படையாக அனுமதிக்கும் இடம் ஆகிய மூன்றில் மட்டுமே தண்டனை இழப்பீடு வழங்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய நீதிமன்றங்கள் இன்றும் அடிக்கடி எடுத்தாளும் வரையறை இதுவே.

இலாபக் கணக்கு

மேற்கண்ட மூன்றில் இரண்டாவது நம் அன்றாட வாழ்வுக்கு மிக நெருக்கமானது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் ஒரு லட்சம் பேரிடம் தலைக்கு 50 ரூபாய் முறையற்ற கட்டணம் வசூலிக்கிறது. கிடைத்த தொகை 50 லட்சம். ஐம்பது ரூபாய்க்காக வழக்காடுவோர் அரிது. நூறு பேர் மட்டும் ஆணையத்தை அணுகி வெற்றி பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அந்த 50 ரூபாயும், அலைச்சலுக்காக 5,000 ரூபாயும் கிடைக்கின்றன. நிறுவனம் செலுத்துவது 5,05,000 ரூபாய். அதன் கையில் எஞ்சுவது 44,95,000 ரூபாய்.

ஈடுசெய்யும் இழப்பீடு இங்குத் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது. வழக்காடிய நூறு பேருக்கும் குறையில்லை. ஆயினும் தவறு இலாபகரமாகவே தொடர்கிறது. இழப்பீடு என்பது கணக்கேட்டில் மற்றொரு செலவினமாகிவிடுகிறது. இக்கணக்கைக் குலைப்பதே தண்டனை இழப்பீட்டின் வேலை.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தம், தண்டனை இழப்பீடு வழங்கும் அதிகாரத்தை நுகர்வோர் மன்றங்களுக்கு அளித்தது. இப்போது நடப்பிலுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவும் தக்க சூழல்களில் அதனை வழங்க அனுமதிக்கிறது. அதே பிரிவில் மற்றோர் ஏற்பாடும் உண்டு. எளிதில் அடையாளம் காண இயலாத பெருந்தொகையான நுகர்வோர் இழப்புற்றிருந்தால், ஆணையம் தனியே ஒரு தொகையைச் செலுத்தச் சொல்லலாம். அத்தொகை, குறைபாடுள்ள பொருள் அல்லது சேவையின் மதிப்பில் 25 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. நம் எடுத்துக்காட்டில் வழக்காடாத 99,900 பேரையும் மனத்தில் கொண்ட ஏற்பாடு இது.

உபஹார் தீர்ப்பு காட்டும் சிக்கல்

கொள்கை இவ்வளவு தெளிவாக இருக்க, தொகையில் மட்டும் ஏன் இத்தனை ஏற்ற இறக்கம்? உபஹார் வழக்கையே சற்று நெருங்கிப் பார்ப்போம்.

உயர் நீதிமன்றம் 2.5 கோடி என்ற தொகையை மனம்போன போக்கில் விதிக்கவில்லை. மாடியில் கூடுதலாக அமைக்கப்பட்ட இருக்கைகளால் உரிமையாளர்கள் பல ஆண்டுகளாக ஈட்டிய வருவாயை மதிப்பிட்டு, அதன் அடிப்படையில் விதித்தது. பாதுகாப்பை விலையாகக் கொடுத்து ஈட்டிய இலாபத்தைத் திரும்பப் பெறுதல் என்ற வகையில், 1964ஆம் ஆண்டு வரையறையின் இரண்டாம் கூறுக்கு அது இசைவானதே. உச்ச நீதிமன்றம் தண்டனை இழப்பீடு என்ற கொள்கையை மறுக்கவில்லை. மதிப்பீட்டின் அடிப்படை சரியன்று என்று கண்டு, தொகையைப் பத்தில் ஒரு பங்காக்கியது.

குடும்பங்களுக்கு உரிய இழப்பீடும் குறைந்தது. உயர் நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டோரின் இறப்புக்கு 18 லட்சமும், அவ்வயதுக்கு உட்பட்டோருக்கு 15 லட்சமும் அளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அவற்றை முறையே 10 லட்சம், 7.5 லட்சம் என மாற்றியது. உயர் நீதிமன்றம் உரிமையாளருக்கு 55 விழுக்காடும், மின்வாரியம், மாநகராட்சி, உரிமம் வழங்கிய காவல்துறை ஆகிய மூன்றுக்கும் தலா 15 விழுக்காடும் பொறுப்பைப் பகிர்ந்திருந்தது. உச்ச நீதிமன்றமோ மாநகராட்சியையும் உரிமம் வழங்கியவரையும் இழப்பீட்டுப் பொறுப்பினின்று விடுவித்து, உரிமையாளருக்கு 85, மின்வாரியத்துக்கு 15 விழுக்காடு என்று வகுத்தது.

விபத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு அக்குறைப்பு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதே வேளையில், பிழையான கணக்கின்மேல் நிற்கும் தண்டனையை மேல்நீதிமன்றம் அப்படியே விட்டுவிட முடியாது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. தொகை பெரிதா சிறிதா என்பதில் மட்டும் நியாயம் அடங்கிவிடவில்லை. அத்தொகைக்கு எப்படி வந்தோம் என்று காட்டும் வழியில்தான் அது பெரிதும் அடங்கியுள்ளது. வழி உறுதியாக இருந்தால் பெருந்தொகையும் நிற்கும். வழி தளர்ந்தால் உரிய தொகையும் சரியும். சரியும்போது இழப்பவர் முதலில் பாதிக்கப்பட்டவரே.

அமெரிக்கா கண்ட அளவுகோல்

தண்டனை இழப்பீடு என்றவுடன் பலருக்கும் அமெரிக்காவே நினைவுக்கு வரும். 1994இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மெக்டொனால்ட்ஸ் கடையின் சூடான காப்பி மடியில் கொட்டியதால் 79 வயதுப் பெண்மணி ஒருவர் கடுந்தீப்புண்ணுற்ற வழக்கில், நடுவர் குழு 27 லட்சம் டாலரைத் தண்டனை இழப்பீடாக விதித்தது. அது நிறுவனத்தின் இரண்டு நாள் காப்பி விற்பனைக்கு ஈடான தொகை. காப்பிக்கு இவ்வளவா என்று உலகமே நகைத்தது. ஆனால் அதற்கு முன்பே இத்தகைய தீப்புண் பற்றி எழுநூறுக்கு மேற்பட்ட புகார்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தன என்பதும், நீதிபதி அத்தொகையை 4,80,000 டாலராகக் குறைத்தார் என்பதும், இறுதியில் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன என்பதும் அவ்வளவாகப் பரவவில்லை.

1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலை முன்வைத்தது. பழுதான வண்ணப்பூச்சை மீண்டும் பூசி, அதனைச் சொல்லாமல் புதிய கார் என்று விற்றமைக்காக பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு அது. இழப்பு 4,000 டாலர். மாநில உச்ச நீதிமன்றம் பாதியாகக் குறைத்த பின்னும் தண்டனை இழப்பீடு 20 லட்சம் டாலர், அதாவது 500 மடங்கு. அது மட்டுமீறியது என்று கூறிய உச்ச நீதிமன்றம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னது. நடத்தை எவ்வளவு கண்டிக்கத்தக்கது? இழப்புக்கும் தண்டனைக்கும் உள்ள விகிதம் என்ன? அதே தவற்றுக்குச் சட்டம் வேறு இடங்களில் விதிக்கும் அபராதம் எவ்வளவு? 2003இல் மற்றொரு வழக்கில், விகிதம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிதாகவே ஏற்கத்தக்கது என்றும் அந்நீதிமன்றம் கூறியது.

இந்தியாவில் அத்தகைய விகிதம் எதுவும் வகுக்கப்படவில்லை. அதனை அப்படியே எடுத்துக்கொள்வதும் எளிதன்று. நம் நாட்டில் ஈடுசெய்யும் இழப்பீடே பெரும்பாலும் சிறிது. சிறிய தொகையின் ஒன்பது மடங்கும் ஒரு பெருநிறுவனத்துக்குச் சிறிதாகவே இருக்கும். இதனை உணர்ந்தே நம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியைத் தொட்டது. 1985 டிசம்பரில் தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பர் 20ஆம் நாள் தீர்ப்பளித்த நீதிமன்றம், அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனம் எவ்வளவு பெரியதோ, எவ்வளவு வளமுடையதோ, அதற்கேற்ப இழப்பீடும் உயரவேண்டும் என்றது. அப்போதுதான் அது தடுக்கும் ஆற்றல் பெறும் என்பது அதன் கருத்து.

தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு பார்வைகள்

வணிகக் குறி வழக்குகளில் தில்லி உயர் நீதிமன்றம் இக்கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டுள்ளது. டைம் இதழின் பெயரையும் சிவப்புக் கரை கொண்ட அட்டை அமைப்பையும் ஒத்த ஓர் இந்தி இதழ் குறித்த வழக்கில், 2005இல் தனி நீதிபதி 5 லட்சம் ஈடுசெய்யும் இழப்பீடும், 5 லட்சம் தண்டனை இழப்பீடும் அளித்தார். எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. வராமல் இருப்பதே ஆதாயமாகிவிடக்கூடாது என்பது நீதிபதியின் கவலை. குற்றவியல் நீதிமன்றங்களின் சுமையையும் இத்தகைய இழப்பீடு குறைக்கும் என்றார் அவர்.

2014இல் அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு இப்பார்வையிலிருந்து விலகியது. சோப்பு விளம்பரம் ஒன்றில் போட்டி நிறுவனத்தின் பொருளைத் தாழ்த்திக் காட்டியமை பற்றி, ரெக்கிட் பென்கைசர் நிறுவனத்துக்கும் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கு அது. குற்றவியல் வழக்குக்கு மாற்றாக உரிமையியல் தண்டனையைக் கருதுவது ஆபத்தானது என்றது அமர்வு. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கவேண்டும். உரிமையியல் வழக்கிலோ எது மிகுதியும் நடந்திருக்கக்கூடும் என்ற அளவே போதும். குறைந்த சான்றைக்கொண்டு தண்டிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆகவே முதலில் ஈடுசெய்யும் இழப்பீட்டைக் கணக்கிடுக. அது போதாது என்றால் மட்டுமே தண்டனை இழப்பீட்டை நாடுக என்பது அமர்வு வகுத்த வரிசை.

2019இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு படிநிலையையே வகுத்தளித்தது. அறியாமல் முதன்முறை மீறியவருக்குத் தடையாணை மட்டும். அறிந்து முதன்முறை மீறியவருக்குத் தடையாணையுடன் செலவின் ஒரு பகுதி. மீண்டும் மீண்டும் மீறுவோருக்கு விளைந்த பாதிப்புக்கேற்ப இழப்பீடு. திட்டமிட்டு மீறி, நீதிமன்ற ஆணையையும் மதியாதோருக்கே உச்ச அளவு. தவறு செய்தவரின் மனநிலை ஒவ்வொரு படியாக ஏற, தொகையும் ஏறுகிறது. இப்படிநிலையை எல்லா வழக்குக்கும் இயந்திரம்போல் பொருத்த இயலாது எனினும், எந்தத் திசையில் செல்லவேண்டும் என்பதை அது காட்டுகிறது.

கேளாததை அளிக்கலாமா? பணம் யாருக்கு?

தொகையைப் போலவே முறையும் முதன்மையானது. நாற்சக்கர இயக்கமும் கரடுமுரடான வழிகளுக்கு ஏற்ற ஆற்றலும் உண்டு என்ற விளம்பரத்தை நம்பி 2004இல் வாகனம் வாங்கிய ஒருவர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது புகார் செய்தார். தில்லியிலுள்ள தேசிய நுகர்வோர் ஆணையம், அவர் கோராமலே 25 லட்சம் ரூபாயைத் தண்டனை இழப்பீடாக விதித்தது. 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. புகார் மனுவில் அக்கோரிக்கை இல்லை. அதைப்பற்றி விளக்கமளிக்க எதிர்த்தரப்புக்கு வாய்ப்பும் தரப்படவில்லை என்பதே காரணம். தண்டிக்கப்படுபவர் தவறே செய்திருந்தாலும், எதற்காகத் தண்டிக்கப்படுகிறார் என்பதை முன்னரே அறிந்து பதிலளிக்க உரிமையுடையவர். இவ்வுரிமை நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று; நாளை நம்மில் ஒருவர் எதிர்வாதியாக நிற்கும்போது நம்மைக் காப்பதும் அதுவே.

அவ்வழக்கில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த 25 லட்சத்தில் 5 லட்சத்தைப் புகார்தாரருக்கும், எஞ்சிய 20 லட்சத்தை நுகர்வோர் நல நிதிக்கும் ஆணையம் ஒதுக்கியிருந்தது. உபஹார் வழக்கில் தண்டனை இழப்பீடு குடும்பங்களுக்கு அளிக்கப்படவில்லை. விபத்துச் சிகிச்சை மையம் அமைப்பதற்கென அரசுக்குச் செலுத்தப்படவேண்டும் என்றே விதிக்கப்பட்டது. ஈடு பெற்றுவிட்ட ஒருவருக்கு மேலும் பெருந்தொகை எதிர்பாராச் செல்வமாகச் சேர்வது ஏன் என்ற வினாவுக்கு இது ஒரு விடை. ஆயினும் முழு விடையன்று. ஆண்டுக்கணக்கில் அலைந்து, பொதுநலனுக்குரிய ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தவருக்கு எதுவுமே இல்லை என்றால், அடுத்தவர் முன்வருவது அரிதாகும். பெரும்பகுதி பொது நிதிக்கும் ஒரு பகுதி வழக்காடியவருக்கும் என்ற பங்கீடே நடுவுநிலையானதாக நமக்குத் தோன்றுகிறது.

வங்கியும் விதிவிலக்கன்று

ஒப்பந்த மீறலுக்குத் தண்டனை இழப்பீடு இல்லை என்பது பொது விதி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு பேசுவது இழப்பை ஈடுசெய்வது பற்றியே. ஆனால் வணிகவியல் மாணவர்கள் நெடுங்காலமாகப் பயிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. போதிய பணம் இருந்தும் வணிகர் ஒருவரின் காசோலையை வங்கி தவறாகத் திருப்பி அனுப்பினால், காசோலையின் தொகையையும் கடந்து, அவரது நற்பெயருக்கு நேர்ந்த ஊறுக்காக வங்கி பொறுப்பேற்கவேண்டும். தொகை சிறிதாக இருக்க இருக்க இழப்பீடு பெரிதாகும் என்பர். ஒரு சிறு தொகையைக்கூடக் கொடுக்க வக்கற்றவர் என்ற பெயர், பெருந்தொகைக் காசோலை திரும்புவதைவிட வணிகரை ஆழமாகப் புண்படுத்தும் என்பதே அதன் உட்பொருள்.

பெட்டகச் சேவை பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பும் வங்கித் துறையினர் அனைவரும் மனத்திற்கொள்ளத்தக்கது. வாடகை நிலுவை என்று கூறி, முன்னறிவிப்பின்றி வாடிக்கையாளரின் பெட்டகத்தை உடைத்துத் திறந்த ஒரு வங்கி 5 லட்சம் ரூபாயும், வழக்குச் செலவாக ஒரு லட்சமும் செலுத்தவேண்டும் என்றது நீதிமன்றம். தவறிழைத்த அலுவலர்கள் பணியில் இருந்தால் அந்த 5 லட்சத்தை அவர்களது ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்யவேண்டும் என்றும் பணித்தது. தண்டனை இழப்பீடு என்ற பெயர் அங்கு இல்லை. எனினும் தவறு செய்தவரைத் தொடவேண்டும் என்ற நோக்கம் தெளிவு. பொது நிறுவனம் செலுத்தும் இழப்பீட்டின் சுமை இறுதியில் மக்கள்மீதே விழுவதால், பொறுப்பான அலுவலரிடம் அதனை வசூலிக்கவேண்டும் என்று 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதன் தொடர்ச்சி இது.

அத்தீர்ப்பின் பின் ரிசர்வ் வங்கி பெட்டக விதிகளைத் திருத்தியது. 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள் இழக்கப்பட்டால், ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கிக்குப் பொறுப்பு உண்டு. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில் அவ்வரம்பு 3 லட்சம். இது தண்டனையன்று, ஆனால் இருதரப்பும் முன்கூட்டியே அறிந்த அளவு.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

மேற்கண்ட தீர்ப்புகளிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில குறிப்புகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தண்டனை இழப்பீடு வேண்டுமெனில் புகார் மனுவிலேயே அதனை வெளிப்படையாகக் கோருதல் வேண்டும். எந்த நடத்தைக்காகக் கோருகிறோம் என்பதையும் எழுதவேண்டும்.

இரண்டாவது, ஒரு முறை நேர்ந்த பிழைக்கும் அறிந்தே தொடர்ந்த தவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுகளால் காட்டவேண்டும். எழுதிய கடிதங்கள், மின்னஞ்சல்கள், புகார் எண்கள், பெற்ற பதில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் பாதுகாத்து வையுங்கள். சுட்டிக்காட்டிய பின்னும் திருத்தவில்லை என்பதே கண்டிக்கத்தக்க நடத்தைக்கு வலிமையான சான்று.

மூன்றாவது, கோரும் தொகைக்கு ஒரு கணக்கு இருக்கவேண்டும். எதிர்த்தரப்பு அத்தவற்றால் பெற்ற ஆதாயம், பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய பிறரின் எண்ணிக்கை, அதே தவற்றுக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் ஆகியவை அக்கணக்குக்கு அடிப்படையாகலாம். கோடிகளில் கேட்பது மட்டும் கோரிக்கையை வலுப்படுத்தாது.

நான்காவது, எந்த இடத்தில் எதனைப் பெறலாம் என்பதை அறிந்துகொள்க. 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, வங்கிச் சேவைக் குறைபாட்டால் விளைந்த இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், கால விரயம், அலைச்சல், மன உளைச்சல் ஆகியவற்றுக்கு ஒரு லட்சம் வரையும் குறைதீர்ப்பாளர் ஈடு வழங்கலாம் என்று வகுக்கப்பட்டது. அதற்குக் கட்டணம் இல்லை. தண்டனை இழப்பீடு கோருவோர் நுகர்வோர் ஆணையத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோ நாடவேண்டும். பெரும்பாலான குறைகள் முதற்படியாகிய கிளை அளவிலேயே தீரத்தக்கவை என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

முடிவாக

தண்டனை இழப்பீட்டை முற்றிலும் கைவிட்டால், இலாபம் தரும் தவறுகள் கணக்கேட்டின் ஒரு வரியாகிவிடும். கட்டுப்பாடின்றி வழங்கினால், குறைந்த சான்றில் பெருந்தண்டனை என்ற அநீதி நேரும். இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு நம் நீதிமன்றங்கள் படிப்படியாக வழி கண்டு வருகின்றன. நடத்தையை எடைபோடுதல், எதிர்த்தரப்பைக் கேட்டல், ஈடு போதுமா என்று முதலில் பார்த்தல், தொகைக்குக் கணக்குக் காட்டுதல், பணம் எங்குச் சேரவேண்டும் என்று சொல்லுதல் ஆகிய ஐந்தும் தனித்தனித் தீர்ப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்கே தொகுத்த சட்ட விதியோ வழிகாட்டுதலோ இருக்குமாயின், கீழ் நீதிமன்றம் அளித்தது மேல் நீதிமன்றத்தில் பத்தில் ஒன்றாகச் சுருங்கும் நிலை அரிதாகும். நீண்ட நாள் காத்திருந்து தீர்ப்புப் பெறுவோருக்கு, அத்தீர்ப்பு நிலைக்கும் என்ற உறுதியும் தேவை. அவ்வுறுதி, தண்டிக்கப்படுவோருக்கும் அளிக்கவேண்டிய நியாயத்தின் மறுபக்கமே ஆகும்.